அம்மிச்சி கை சென்சார் மக்கர் பண்ணுனா மொதல்ல எதைப் பாக்கறது

எங்க அம்மிச்சிக்கு (அம்மாவைப் பெத்தவங்க) 74 வயசு, காங்கேயத்துக்குப் பக்கத்துல தோட்டத்துச் சாளையில தான் இருக்காங்க. சுகர் வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, போன வருசத்துல இருந்து கையில ஒட்டற சுகர் சென்சார் போட்டுட்டு இருக்கோம், பதினாலு நாளைக்கு ஒருக்கா மாத்தற ஒரு சின்ன வில்லை, சுகர் நம்பர் போன்ல வரும். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், டாக்டர் கிடையாதுங்க. ஆனா ஒறம்பரையில யாருக்கு சென்சார் போட்டாலும் ராத்திரில போன் எனக்குத்தான் வருது, "தம்பி இது என்னமோ கத்துது, பிச்சு எறிஞ்சரட்டுமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதனால எழுதியே போட்டர்றேன். உங்க ஊட்டுல என்ன நடக்குதோ அந்தத் தலைப்பை மட்டும் பாத்துக்குங்க, ஆனா கீழ இருக்கற ரெண்டு பத்தி மட்டும் எல்லாரும் படிச்சுப்போடுங்க.

மொதோ பத்தி. ஆளு மயங்கிக் கெடந்தா, இல்ல கூப்பிட்டா கண்ணு முழிக்கலைன்னா, சென்சாரை நோண்டிட்டு இருக்காதீங்க. வாயில சக்கரத் தண்ணி ஊத்தாதீங்க, புரை ஏறி நுரையீரலுக்குப் போயிரும். ஒருபக்கமா சாய்ச்சுப் படுக்க வெச்சுட்டு 108-க்கு அடிங்க, அவ்வளவுதான்.

ரெண்டாவது, அந்த வில்லை ரத்தத்தைத் தொடறதே இல்லைங்க. ஒட்டும்போது ஊசி உள்ள போய் உடனே வெளிய வந்துரும், உள்ள தங்கறது அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிசா ஒரு இழை. அது தோலுக்கடியில செல்லுகளுக்கு நடுவுல இருக்கற தண்ணியில தான் சர்க்கரையை அளக்குது. இழையில குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம் பூசியிருப்பாங்க, சர்க்கரை அதுல பட்டா கொஞ்சூண்டு கரண்டு கிளம்பும், அந்தக் கரண்டைத்தான் நம்பரா மாத்திக் காட்டுது (இந்த யோசனையை 1962-லயே கிளார்க், லயன்ஸ்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல சொல்லிட்டாங்க, நம்ம கைக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்). ரத்தத்துல சர்க்கரை மாறுனா அந்தத் தண்ணியில மாறறதுக்கு 5 நிமிசத்துல இருந்து 15 நிமிசம் வரைக்கும் ஆகும். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி தொறந்து விட்ட ஒடனே கடைமடைத் தோட்டத்துக்கு வந்துருதா என்ன? ரத்தம் வாய்க்கால், சென்சார் உக்காந்திருக்கறது கடைமடை. கீழ நான் சொல்ற பாதிப் பிரச்சனைக்கு இதான் காரணம்.

ராத்திரி 2 மணிக்கு லோ லோன்னு கத்துது, எழுப்பிப் பாத்தா ஆளு நல்லாத்தான் இருக்காங்க

எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான். மொதல்ல ஒன்னே ஒன்னு கேளுங்க: எந்தப் பக்கமா படுத்திருந்தாங்க? சென்சார் இருக்கற கை மேலயே படுத்தா அந்த எடத்துல அழுத்தம் உழுந்து ரத்த ஓட்டம் கொறைஞ்சுரும், தோலுக்கடித் தண்ணியில அந்த எடத்துல மட்டும் சர்க்கரை வத்திப்போகும், சென்சார் பாவம் அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. ஒடம்பு முழுக்க சுகர் 120 இருக்கும், அது 52-ன்னு காட்டும். கிராஃப்ல பாத்தா ஒடனே கண்டுபுடிச்சரலாம், மெதுவா எறங்காம கெணத்துல உழுந்த மாதிரி செங்குத்தா எறங்கியிருக்கும், பொரண்டு படுத்ததும் அதே மாதிரி செங்குத்தா ஏறியிருக்கும். நெஜமான லோ சுகர் பெரும்பாலும் அப்படி சும்மா கெடந்து செங்குத்தா ஏறாது.

எங்க அம்மிச்சிக்கு மொதோ சென்சார் போட்டப்போ போட வந்த பையன் "எந்தக் கை வேலை செய்யும்"னு கேட்டான், வலதுன்னு சொன்னோம், இடது கையில ஒட்டிட்டுப் போயிட்டான். அவங்க நாப்பது வருசமா கயித்துக் கட்டல்ல இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுத்தே பழகுனவங்க! மொதோ வாரம் ஆறு ராத்திரி அலாரம். அதனால என்ற கணக்குல வேலை செய்யற கை எதுன்னு கேக்கறதுக்கு முந்தி படுக்கற பக்கம் எதுன்னு கேக்கோணும். ரெண்டு பக்கமும் பொரள்ற ஆளுன்னா கையில பின்பக்கமா கொஞ்சம் உள்தள்ளி ஒட்டுங்க, மேலுக்கு அவ்வளவா அழுத்தாது.

ஆனா "அம்மிச்சி எந்தப் பக்கம் படுத்திருந்தீங்க"ன்னு கேட்டுட்டு அப்படியே தூங்கப் போயிராதீங்க. பொரண்டு படுக்கச் சொல்லிட்டு விரல்ல குத்தி ஒரு தடவை பாத்துருங்க. ஆளு நல்லா இருக்கற மாதிரி தெரியறதை மட்டும் நம்பக்கூடாது, ஏன்னா பிபி-க்கும் இதயத்துக்கும் குடுக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு லோ சுகர்ல வர்ற நடுக்கமும் படபடப்பும் தெரியாமப் போயிரும், வேர்வை மட்டும் வரும். ரொம்ப வருசமா சுகர் இருக்கறவங்களுக்கு மாத்திரை இல்லாமயே அந்த அறிகுறியெல்லாம் மழுங்கிப் போயிரும். குளுக்கோமீட்டர் கையில இல்லையா, ஸ்ட்ரிப் தீந்துபோச்சா, அப்ப நெஜமான லோன்னே வெச்சுக்குங்க. ஒரு தடவை தேவையில்லாம சக்கரை குடுத்தா ஒன்னும் ஆகாது.

குத்திப் பாத்து 70-க்குக் கீழ இருந்தா அது மெஷின் கோளாறு இல்ல. 15 கிராம் சர்க்கரை, அதாவது டீஸ்பூன்ல மூணு ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சக்கரையோ தண்ணியில கலக்கிக் குடுத்துட்டு 15 நிமிசம் உக்காந்திருங்க. இங்க தான் எங்க பெரியம்மா ஊட்டுல கூத்து நடந்துச்சு. சக்கரைத் தண்ணி குடுத்து அஞ்சு நிமிசத்துல சென்சாரைப் பாத்திருக்காங்க, இன்னும் 58. ஒரு வாழப்பழம் குடுத்திருக்காங்க, இன்னும் 55. ஒரு டம்ளர் பால்ல சக்கரை போட்டு, அக்கட்டால ரெண்டு கச்சாயம். விடிஞ்சு பாத்தா 340. ரத்தத்துல ஏறிப்போச்சு, கடைமடைக்கு இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான் விசயம். லோ-வுக்கு வைத்தியம் பண்ணுன மொதோ அரை மணி நேரம் விரல் நம்பரை மட்டும் நம்புங்க.

நெஜமான லோ வாரத்துல ரெண்டு மூணு தடவை வருதுன்னா சென்சார் கம்பெனிக்கு அடிக்காதீங்க, டாக்டருக்கு அடிங்க. இன்சுலின் அளவோ, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ எச்சாப் போயிருக்கும், வயசானவங்களுக்கு கிட்னி கொஞ்சம் சுணங்குனாலே அந்த மாத்திரை ஒடம்புல ரொம்ப நேரம் தங்கிரும். நீங்களா பாதி மாத்திரையா ஒடைச்சுக் குடுக்கற வேலையெல்லாம் வேண்டாம்.

விரல்ல ஒன்னு காட்டுது, சென்சார்ல ஒன்னு காட்டுது

போட்டு எத்தனை நாள் ஆச்சு? மொதோ நாளா இருந்தா விட்டுருங்க. இழை உள்ள போன எடம் சின்னதா காயமாகி வீங்கியிருக்கும், அது அடங்கற வரைக்கும் முதல் 24 மணி நேரம் நம்பர் அப்படி இப்படித்தான் இருக்கும். அன்னிக்கு காட்டறதை வெச்சு இன்சுலின் போடறதா இருந்தா விரல்ல பாத்துட்டுப் போடுங்க. நாங்க இப்ப பொழுதோட ஒட்டறது இல்லைங்க, வெள்ளனே ஒட்டிடறோம், மொதோ ராத்திரி வர்றதுக்குள்ள கொஞ்சம் செட் ஆகிரும்.

ரெண்டு நாள் தாண்டிப்போச்சுன்னா போன்ல நம்பர் பக்கத்துல இருக்கற அம்பைப் பாருங்க, சுகர் ஏறுதா எறங்குதான்னு அதான் காட்டும். அம்பு படுக்கையா இருக்கறப்போ ரெண்டையும் ஒப்பிடுங்க. சாப்பிட்டு அரை மணி நேரத்துல அம்பு செங்குத்தா மேல போயிட்டு இருக்கறப்போ விரல் 210, சென்சார் 170 காட்டத்தான் செய்யும், அது பிழை இல்ல, வண்டி ஓடும்போது எடுத்த போட்டோ மாதிரி. அதே மாதிரி மலை ஏறி எறங்குனதும் ஒப்பிடாதீங்க, சென்னிமலை படி ஏறிட்டு எங்க சித்தப்பா நடுவழியில உக்காந்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து மெஷினைத் திட்டிட்டு இருந்தாரு.

இன்னொன்னு, விரல் மெஷின் மட்டும் என்ன அரிச்சந்திரனா? உலகத் தரக்கட்டுப்பாடே 100-க்கு மேல இருந்தா 15 சதவீதம் முன்னப்பின்ன போறதுக்கு விட்டுக்குடுத்திருக்கு. அதாவது நெஜத்துல 200 இருந்தா 170-ம் சரிதான் 230-ம் சரிதான். சென்சாரும் அதே மாதிரி கொஞ்சம் தள்ளிப்போச்சுன்னா 200 பக்கத்துல ரெண்டுக்கும் நடுவுல 40, 50 வித்தியாசம் வர்றது பெரிய விசயம் இல்ல. அம்பு படுக்கையா இருந்தும், மூணு தடவை பாத்தும், ஒவ்வொரு தடவையும் 60, 70 தள்ளியே காட்டுதுன்னா தான் அந்த சென்சார்ல கோளாறுன்னு எடுத்துக்கறது.

குத்தறதுக்கு முந்தி கை கழுவுங்க, இதை நான் சத்தம் போட்டே சொல்லுவேன். போன நோம்பிக்கு அம்மிச்சி ஒப்பிட்டுக்கு (போளி தான்) வெல்லம் தட்டிட்டு இருந்தாங்க, நடுவுல கையை முந்தானையில தொடச்சுட்டு நீட்டுனாங்க, விரல்ல 386! ஊடே ஆடிப்போச்சு, மாமன் காரை எடுத்துட்டாரு. சென்சார்ல பாத்தா 164. சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் குத்துனா 171. அன்னிக்கு சென்சார் தான் சரி.

களி தான் தின்னேன், 240 காட்டுது, இது ஓட்டை மெஷின்

மெஷின் நல்லா இருக்குதுங்க. கேழ்வரகுலயும் முக்காவாசி மாவுச்சத்து தான், களியா நல்லா கிண்டி வெந்துபோச்சுன்னா ஏறாம என்ன பண்ணும். சுகர்காரங்க களி எவ்வளவு தின்னாலும் பரவால்லங்கற நம்பிக்கை நம்ம பக்கம் ஊறிப்போச்சு, அம்மிச்சி கிராஃப் பாத்த அன்னிக்கு எனக்கே அது போயிருச்சு. உருண்டையைச் சின்னதாக்கி கீரையும் கொள்ளுப்பருப்பும் எச்சா வெச்சா மேடு தணியுது. அரிசிம்பருப்புச் சோத்துல நெய் ஊத்தித் தின்னா ஒடனே ஏறாம ரெண்டு மணி நேரம் கழிச்சு ஏறும், அதைப் பாத்துட்டும் "இப்ப ஒன்னுமே சாப்பிடலையே ஏன் ஏறுது"ன்னு போன் வரும்.

எந்தக் காரணமும் இல்லாம ரெண்டு மூணு நாளா எச்சாவே காட்டுது

சளி புடிச்சு வைட்டமின் சி மாத்திரை சப்பிட்டு இருக்கீங்களான்னு பாருங்க. அந்த இழையில சர்க்கரைக்குக் கிளம்பற மாதிரியே வைட்டமின் சி-க்கும் கரண்டு கிளம்பிரும், சென்சாருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போனா நம்பர் பொய்யா ஏறும்னு சில சென்சார் பெட்டியிலயே போட்டிருக்காங்க, கடையில விக்கற சப்பற மாத்திரை ஒன்னே 500 வருது, நாளைக்கு ரெண்டு சப்புனா முடிஞ்சுது. வேற சில மாடல்ல பாராசிட்டமால் 6 மணி நேரத்துக்கு 1 கிராமுக்கு மேல போனா இதே கதை. உங்க பெட்டிக்குள்ள இருக்கற சீட்டை ஒரு தடவை படிங்க, எழுத்து பொடிசா இருந்தா போன்ல படம் எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க. இதுல ஆபத்து என்னன்னா பொய்யான எச்சாவைப் பாத்து இன்சுலின் கூட்டிப் போட்டா நெஜமாவே லோ ஆகிரும்.

மாத்திரை எதுவும் இல்லைன்னா பொய் இல்ல, நெஜம்னு எடுத்துக்குங்க. காய்ச்சல், பல்லுல சீழ், மூட்டுக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி எல்லாமே சுகரை ஏத்தும். ஆளு வாந்தி எடுத்துட்டு, மூச்சு வாங்கிட்டு, சுகரும் 300-க்கு மேல நின்னுட்டு இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

ஒட்டு பிரிஞ்சு வருது

சித்திரை வைகாசில நம்மூர்ல இதான் பெரிய தலைவலி. நான் பாத்த வரைக்கும் மூணு காரணம். தேங்காயெண்ணை, வேர்வை, ஜாக்கெட் கை. எண்ணெய் தேச்சுக் குளிக்கற அன்னிக்கு ஒட்டாதீங்க, முந்தின நாளு எண்ணெய் தடவியிருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சுல தொடச்சு, நல்லாக் காய விட்டு ஒட்டுங்க, காயறதுக்கு முந்தி ஒட்டறதால தான் பாதி பிரியுது. ஜாக்கெட் கை விளிம்பு சரியா சென்சார் மேல உரசுற மாதிரி ஒட்டுனா ரெண்டு நாள்ல மேல்பக்கம் கிளம்பிரும், ஒட்டறதுக்கு முந்தி ஜாக்கெட்டைப் போட்டுப் பாத்து விளிம்புக்கு ரெண்டு விரல் அக்கட்டால குறி வெச்சுக்குங்க. ஓரம் மட்டும் கிளம்புனா மெடிக்கல்ல கெடைக்கற பிளாஸ்டர் டேப் சுத்தி ஒட்டிக்கலாம், நடுவுல ஓட்டை இருக்கற மாடலுக்கு அந்த ஓட்டையை மூடிராதீங்க. பாதிக்கு மேல பிரிஞ்சுபோச்சுன்னா இழையும் வெளிய வந்திருக்கும், அமுக்கி அமுக்கி ஒட்டி பிரயோசனம் இல்ல. கழட்டுனதைத் திரும்பிப் போடவும் முடியாது.

குளிக்கறதுக்கு பயப்பட வேண்டாங்க, ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள அரை மணி நேரம் தாங்கற மாதிரி தான் பல சென்சாரும் வருது. ஆனா எங்க அக்கா பையன் கெணத்துல தொப்புன்னு மேல இருந்து குதிச்சான், போயிருச்சு.

போன்ல சுகர் நம்பர் வர மாட்டேங்குது, சிக்னல் இல்லைங்குது

சென்சார்ல போனை வெச்சுத் தொட்டுப் பாக்கற மாடல்னா போன் கவரைக் கழட்டுங்க, மோதிரம் மாதிரி இரும்பு வளையம் பின்னாடி ஒட்டியிருந்தா அதையும். என்எப்சி (தொட்டுப் படிக்கற வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க, போன்ல அது எந்த எடத்துல இருக்குதுன்னும் தெரிஞ்சுக்கோணும், ஐபோன்ல தலைப்பக்கம் இருக்கும், மத்த போன்ல பெரும்பாலும் முதுகு நடுவுல. தேய்க்காம அப்படியே ரெண்டு செகண்ட் வெச்சிருங்க. இந்த வகையில சென்சார் 8 மணி நேரத்துக்குத் தான் கணக்கு வெச்சிருக்கும், அதுக்கு மேல தொடாம விட்டா பழசு அழிஞ்சுரும், அதான் காலையில கிராஃப்ல பொத்தல் இருக்கறது. படுக்கப் போறப்போ ஒரு தொடு, எந்திரிச்சதும் ஒரு தொடு.

தானா அனுப்பற மாடல்னா புளூடூத் ஒரு ஆறு மீட்டர் தான் எட்டும், நடுவுல நம்ம பழைய மண்சொவரு இருந்தா அதுவும் இல்ல. அம்மிச்சி கட்டுத்தரைக்குப் போயிருவாங்க, போன் ஆசாரத்துல சார்ஜ்ல கெடக்கும், நான் திருப்பூர்ல இருந்து சிக்னல் இல்லைன்னு வெசனப்பட்டுட்டு இருப்பேன். அப்புறம் ஒரு சின்னத் துணிப்பை தைச்சு இடுப்புல சொருகிக் குடுத்தோம், தீந்துது. போன்ல பேட்டரி சேவர்னு ஒன்னு ராத்திரி ஆப்பைத் தூங்க வெச்சிரும், அதுல இந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு குடுங்க. போன் அப்டேட் ஆன மறுநாள் அலாரமே வரலைன்னா இதைத்தான் மொதல்ல பாக்கறது. புதுசா போன் மாத்தறதா இருந்தா பழைய சென்சார் முடியற நாள் வரைக்கும் பொறுங்க, ஆரம்பிச்ச போன்லயே தான் ஓடுவேன்னு அடம் புடிக்கற மாடல் நெறைய இருக்கு.

ரத்தம் வருது, அரிக்குது

ஒட்டுனதும் சொட்டு ரத்தம் வந்தா பஞ்சை வெச்சு அமுக்கிப் புடிங்க, நின்னுரும், அந்த சென்சார் பல நேரம் நல்லாவே ஓடும். நிக்கலைன்னா கழட்டிருங்க, ரத்தம் மெல்லிசாக்கற மாத்திரை சாப்பிடறவங்கன்னா டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க. அரிப்பு வந்து வட்டமா செவந்து கொப்புளமே கிளம்புதுன்னா இழையில கோளாறு இல்ல, பசையில. ஐசோபோர்னைல் அக்ரிலேட்னு ஒரு பசைப்பொருள் சில பேருக்கு அலர்ஜி ஆகுதுன்னு தோல் டாக்டருங்க எழுதியிருக்காங்க, ஒரு தடவை வந்தவங்களுக்கு அதே மாடல்ல திரும்பத் திரும்ப வரும், மாடலை மாத்தறது தான் வழி. சூடா, வலியோட, சீழ் கோத்துக்கிட்டா காத்திருக்க வேண்டாம், கழட்டிட்டு காட்டுங்க.

நாள் முடியறதுக்கு முந்தியே நின்னுபோச்சு

பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? அதான் தப்பு. பெட்டியில இருக்கற சீரியல் நம்பரை ஒட்டுன அன்னிக்கே போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, கழட்டுன சென்சாரையும் ஒரு கவர்ல போட்டு வைங்க, கம்பெனிக்கு அடிச்சா இதைத்தான் கேப்பாங்க. எங்களுக்கு ஒன்னு மாத்திக் குடுத்தாங்க, இன்னொன்னுக்கு பெட்டி இல்லைன்னு சொல்லிட்டாங்க, சண்டை போட வழியே இல்ல. வாங்கி வெச்சிருக்கறதை வெயில்ல நிறுத்துன கார்ல விடாதீங்க, பெட்டியில போட்டிருக்கற டிகிரிக்குள்ள வைங்க, ஃபிரீசர்லயும் வேண்டாம்.

நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்காங்க

ஸ்கேன் சென்டர்ல உள்ள போறதுக்கு முந்தியே சொல்லுங்க. பல சென்சாரைக் கழட்டிட்டுத் தான் எடுக்கோணும், அதனால தேதி முன்னாடியே தெரிஞ்சா சென்சார் முடியற நாளாப் பாத்து ஸ்கேனை வாங்குங்க, பணம் மிச்சம். முழுசாத் தோலுக்கடியிலயே வெக்கற வகையும் இருக்கு, எவர்சென்ஸ்னு ஒன்னு, 2018-ல அமெரிக்காவுல 90 நாளுக்குன்னு அனுமதி வாங்கி 2024-ல ஒரு வருசம் ஓடற வகைக்கே வந்துட்டாங்க. அதையெல்லாம் நம்ம இஷ்டத்துக்குக் கழட்ட முடியாது, போட்ட டாக்டர்கிட்ட கேட்டுட்டு தான் ஸ்கேனுக்கே போகோணும்.

இது சுகர் சென்சார் இல்ல, இருந்தாலும் சொல்லிர்றேன். மாமனுக்கு நெஞ்சுத் தோலுக்கடியில இதயத் துடிப்பைப் பதியற சின்னக் கருவி வெச்சிருக்காங்க, அதுக்கும் போன் எனக்கு வரும். அந்தக் கருவி பதிஞ்சதை அனுப்பறதுக்குன்னு கட்டல் பக்கத்துல இருக்கற பெட்டியோட பிளக்கை யாராவது மிக்ஸிக்குப் புடுங்கியிருப்பாங்க, பத்துக்கு ஒம்போது தடவை அதான். அப்புறம் செல்போனைச் சட்டை மேல்பாக்கெட்டுல வைக்காதீங்க மாமான்னு சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், நெஞ்சுல வெச்ச கருவிக்கும் போனுக்கும் ஒரு சாண் தள்ளியே இருக்கோணும், இன்னும் கேக்கறதில்ல.

எல்லாம் சரியா ஓடுது, ஆனா ஆளு கழட்டச் சொல்றாங்க

இதுக்கு எந்தச் சீட்டுலயும் வழி போடல. மூணாவது மாசம் அம்மிச்சி சொல்லிட்டாங்க, "ஏஞ்சாமி, நீ வந்ததும் என்ற மூஞ்சியைப் பாக்கறதில்ல, போனைத்தான் பாக்கறே, ஒரு வாய் ஒப்பிட்டு வெச்சா அது கத்துது, எனக்கு வேண்டாங்கண்ணு"ன்னு. நெசந்தான். எச்சா அலாரத்தை நான் 180-ல வெச்சிருந்தேன், சாப்பிட்டா சுகர்காரங்க யாருக்குத்தான் தாண்டாது. டாக்டர்கிட்ட கேட்டோம், வயசானவங்களுக்கு லோ வராமப் பாக்கறது தான் முக்கியம், மேல கொஞ்சம் விட்டுப் புடிங்கன்னாரு. இப்ப எச்சா அலாரம் 250-ல, அதுவும் என்ற போன்ல மட்டும், அவங்க போன்ல லோ அலாரம் மட்டும் தான் (அதை எதுக்காகவும் அணைக்காதீங்க). போனதும் மொதல்ல கட்டல்ல உக்காந்து சித்த நேரம் பழமை பேசறது, காப்பி குடிச்சு முடிச்சதும் தான் கிராஃபைத் தொறக்கறது. நேத்தைக்கு பதினாலாவது நாளு, பழசைக் கழட்டிட்டு நின்னேன், அவங்களே வலது கையை நீட்டி ஜாக்கெட்டைச் சுருட்டிக்கிட்டாங்க.